வற்றாத ஆறும் கடைமடையும்: ஆமோஸின் இறைவாக்கைக் கம்பம் பள்ளத்தாக்கில் வாசித்தல்

ஆய்வுச் சுருக்கம்

கி.மு. 8ஆம் நூற்றாண்டில் வட இசுரயேல் நாட்டில் இறைவாக்குரைத்தவர் ஆமோஸ். வழிபாட்டையும் அன்றாடப் பொருளியல் நேர்மையையும் பிரிக்கக் கூடாது என்பதே அவரது செய்தியின் மையம். நீதியை வற்றாத ஆற்றோடு ஒப்பிடும் அவரது உவமை உலகெங்கும் எடுத்தாளப்படுகிறது. ஆயினும் அவ்வுவமையின் நிலவியற் பொருள் தமிழ் வாசிப்பில் போதிய கவனம் பெறவில்லை. மழை மறைவுப் பகுதியாகிய கம்பம் பள்ளத்தாக்கு 1895க்குப் பின் பெரியாற்று நீரால் மாறிய நிலம். அந்நிலத்தில் நின்று ஆமோஸை வாசித்தால், பருவகால ஈகைக்கும் இடையறாத நீதிக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகிறது. அவ்வேறுபாட்டின் அடிப்படையில் இன்றைய கிறித்தவ வாழ்வுக்குரிய படிப்பினைகளை இக்கட்டுரை வகுத்துரைக்கிறது. சிலப்பதிகாரக் கண்ணகியின் வழக்குரையோடு ஒப்பிட்டு, ஆமோஸ் நூலின் ஓர் எல்லையையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: ஆமோஸ், இறைவாக்கு, நீதி, கம்பம் பள்ளத்தாக்கு, முல்லைப் பெரியாறு, ஏலத்தோட்டத் தொழிலாளர், தலித் இறையியல், கண்ணகி.

1. முன்னுரை

விவிலியத்தின் இறைவாக்கினர் நூல்கள் தமிழ்க் கிறித்தவர்களிடையே பெரும்பாலும் இரு வகையாக வாசிக்கப்படுகின்றன. வருங்காலத்தை முன்னறிவிக்கும் குறிப்புகளாகக் கொள்வது ஒரு வகை. தனிமனிதப் பக்திக்கான அறிவுரைகளாகச் சுருக்கிக் கொள்வது மற்றொரு வகை. இவ்விரு வாசிப்பிலும் இறைவாக்கினர் பேசிய சந்தை, வயல், நீதிமன்றம், கடன் ஆகியவை பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. இவற்றை மீண்டும் நடுவில் வைத்தவர்கள் விடுதலை இறையியலாளரும் தலித் இறையியலாளரும் ஆவர். 1969இல் மதுரை அரசரடியில் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு இறையியல் கல்லூரி இத்திசையில் குறிப்பிடத்தக்க பங்காற்றியது. அங்குப் பணியாற்றிய பரட்டை எனப்படும் தியோபிலஸ் அப்பாவு நாட்டார் இசையையே இறையியல் மொழியாக்கினார்.

மதுரைக்கு மேற்கே அமைந்த தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கை வாசிப்புக் களமாகக் கொள்கிறது இக்கட்டுரை. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என நீளும் இப்பகுதியில் இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற ஊர்களில் கத்தோலிக்கச் சமூகங்கள் வாழ்கின்றன. சீர்திருத்தத் திருச்சபையினரும் பிற சபையினரும் உள்ளனர். வேளாண்மையும் தோட்டத் தொழிலும் இம்மக்களின் வாழ்வாதாரம். ஆமோஸ் பேசிய பொருள்களும் இவையே. ஆயினும் இவ்வொப்புமை ஒன்றை மட்டும் கொண்டு இரு காலங்களையும் சமன்படுத்த இயலாது. ஒப்புமை எங்கு பொருந்துகிறது, எங்கு முறிகிறது என்பதை நூலுக்குள்ளிருந்தே காண்பது தேவை.

2. ஆமோஸின் காலமும் களமும்

யூதாவில் உசியாவும் இசுரயேலில் இரண்டாம் எரொபவாமும் ஆண்ட காலத்தில், நிலநடுக்கத்துக்கு ஈராண்டுகளுக்கு முன், ஆமோஸ் காட்சி கண்டதாக நூலின் தலைப்புரை கூறுகிறது (1:1). அறிஞர் பலர் இதனைக் கி.மு. 760ஐ ஒட்டிய காலமாகக் கொள்வர். ஆமோஸின் ஊர் பெத்லகேமுக்குத் தெற்கே பாலைநில விளிம்பில் அமைந்த தெக்கோவா. அவர் பேசிய இடம் வட நாட்டின் அரச வழிபாட்டிடமான பெத்தேல். எனவே அவர் எல்லை கடந்து வந்து பேசியவர்.

எரொபவாமின் காலம் வட நாட்டுக்கு வளமான காலம். தலைநகர் சமாரியாவில் நடந்த அகழாய்வுகள் இதற்குச் சான்று தருகின்றன. 1910இல் அங்குக் கிடைத்த எழுத்துப் பொறித்த ஓடுகள் பழைய திராட்சை மதுவும் தூய எண்ணெயும் நகருக்கு அனுப்பப்பட்ட கணக்கைக் காட்டுகின்றன. 1930களில் நடந்த அகழாய்வில் தந்த வேலைப்பாடுகள் பெருமளவில் கிடைத்தன. தந்தக் கட்டில்களில் சாய்ந்து கிடப்போரையும் கிண்ணங்களில் மது அருந்துவோரையும் ஆமோஸ் சாடுவது (6:4-6) வெறும் அணிநயம் அன்று என்பதை இப்பொருள்கள் உணர்த்துகின்றன.

இவ்வளத்தின் மறுபக்கத்தை ஆமோஸ் நுணுக்கமாகப் பதிவு செய்கிறார். அற்பக் கடனுக்காக, ஒரு சோடிக் காலணி விலைக்கு, ஏழை விற்கப்படுகிறார் (2:6). அடகாக வாங்கிய ஆடையை விரித்துப் பீடத்தருகே படுக்கின்றனர் (2:8). தானிய மரக்காலைச் சிறிதாக்கி, விலைக்குரிய எடைக்கல்லைப் பெரிதாக்கி, கோதுமையின் பதரையும் சேர்த்து விற்கின்றனர் (8:5-6). ஊர்வாயிலில் கூடும் நீதிமன்றத்தில் கையூட்டு வாங்கப்படுகிறது (5:12). இக்குற்றங்களைச் செய்வோர் ஓய்வுநாளைக் கடைப்பிடிப்பவர்கள். அந்நாள் எப்போது முடியும், கடையை எப்போது திறக்கலாம் எனக் காத்திருப்பவர்கள். வழிபாடு முறையாக நடைபெறுகிறது என்பதே ஆமோஸின் குற்றச்சாட்டைக் கூர்மையாக்குகிறது. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரம் சான்றோர்க்குத் துலாக்கோலை உவமையாக்குகிறது. ஆமோஸிடம் துலாக்கோல் உவமையாக வரவில்லை. சந்தையில் தொங்கும் பொருளாகவே வருகிறது.

3. எட்டாம் குரல்: நூலின் தொடக்க உத்தி

நூலின் முதல் இரு அதிகாரங்கள் ஒரே வாய்பாட்டில் அடுக்கப்பட்டுள்ளன. தமஸ்கு, காசா, தீர், ஏதோம், அம்மோன், மோவாபு, யூதா என ஏழு அண்டை மக்களின் குற்றங்கள் வரிசையாகக் கூறப்படுகின்றன. கேட்டுக்கொண்டிருக்கும் இசுரயேலர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்திருப்பர். ஏழு என்பது நிறைவெண். அதோடு உரை முடியும் என எதிர்பார்க்கும்போது எட்டாவதாக இசுரயேலின் பெயர் ஒலிக்கிறது. அப்பகுதியே மிக நீளமாகவும் உள்ளது. பிறர் மீது தீர்ப்பிட்டவர்கள் தாம் ஒப்புக்கொண்ட அளவுகோலாலேயே அளக்கப்படுகின்றனர்.

இவ்வுத்தி இன்றைய இந்தியத் திருச்சபைக்கு நேரடியாகப் பொருந்துகிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கியது. 1956இல் சீக்கியர்க்கும் 1990இல் பௌத்தர்க்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. தலித் கிறித்தவர்க்கு இன்றளவும் அத்தகுதி இல்லை. 2007இல் அறிக்கை தந்த இரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இவ்வேறுபாட்டை நீக்கப் பரிந்துரைத்தது. இந்நிலையை அநீதி என்று திருச்சபைகள் கண்டிப்பதில் நியாயம் உண்டு. எனினும் அக்கண்டனம் ஏழாம் குரலோடு நின்றுவிடக் கூடாது. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள்ளேயே சாதிப் பாகுபாடு நிலவுவதை ஒப்புக்கொண்டது. கல்லறையிலும் திருவிழாவிலும் பதவிகளிலும் சாதி பார்க்கும் ஒரு சபை, அரசிடம் சமத்துவம் கேட்கும்போது எட்டாம் குரலைக் கேட்கக் கடமைப்பட்டுள்ளது.

தேர்ந்துகொள்ளப்பட்ட மக்கள் என்னும் பெருமிதத்தையும் ஆமோஸ் விட்டுவைக்கவில்லை. கூசியர்களும் இசுரயேலரும் கடவுளுக்கு ஒன்றே என்றும், பெலிஸ்தியரையும் அராமியரையும் அவர்தம் இடங்களிலிருந்து கொணர்ந்தவரும் அவரே என்றும் கூறுகிறார் (9:7). பிறப்பால் வரும் மேன்மை அனைத்தையும் இக்கூற்று அடித்தளத்திலேயே தகர்க்கிறது. ஆமோஸ் தம் மக்களுக்குள்ளிருந்து பேசியவர் என்பதும் இங்கு நினைவுகொள்ளத் தக்கது. அவரது கண்டனத்தை யூத மக்களுக்கோ பிற சமயத்தார்க்கோ எதிரான கருவியாக்குவது நூலின் கட்டமைப்பையே தலைகீழாக்கும் வாசிப்பாகும்.

4. அத்திமரமும் ஏலத்தோட்டமும்

பெத்தேலின் குரு அமட்சியா ஆமோஸை வெளியேற்ற முயலும்போது, தாம் தொழில்முறை இறைவாக்கினர் அல்லர் என்றும் மந்தை மேய்ப்பவர், காட்டத்தி மரங்களில் வேலை செய்பவர் என்றும் ஆமோஸ் விடையிறுக்கிறார் (7:14). இங்குள்ள ‘போலேஸ்’ என்னும் எபிரேயச் சொல்லைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு பழம் பொறுக்குவதாகக் கொண்டது. அச்சொல் காயைக் கீறிப் பழுக்கச் செய்யும் வேலையைக் குறிக்கும் என்பது பரவலான கருத்து. அவ்வகை அத்தியில் உரிய காலத்தில் காயைக் கீறினால்தான் அது இனிப்பாகப் பழுக்கும். பொறுக்குதல் கிடைத்ததை எடுத்துக்கொள்வது. கீறுதல் பருவமறிந்து செய்யும் திறன்வேலை. மொழிபெயர்ப்பில் அத்திறன் மறைந்துவிட்டது.

இன்னொரு செய்தியும் இதில் அடங்கியுள்ளது. காட்டத்தி தாழ்நிலத்து மரம். உயரமான தெக்கோவாவில் அது வளர்வதில்லை. எனவே ஆமோஸ் வேலையின் பொருட்டு மேட்டு நிலத்திலிருந்து தாழ்நிலத்துக்குச் சென்று வந்தவராக இருத்தல் வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் இப்பயணம் எதிர்த்திசையில் நிகழ்கிறது. கம்பம், கூடலூர், தேவாரம், போடிநாயக்கனூர் பகுதிகளிலிருந்து தொழிலாளர்கள், குறிப்பாகப் பெண்கள், விடியலில் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாகக் கேரளத்தின் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். அவர்கள் பறிக்கும் காய் உலர்த்தப்பட்டுப் போடிநாயக்கனூரில் தரம் பிரிக்கப்படுகிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடைபெறும் இடங்களுள் அவ்வூரும் ஒன்று. காயின் எடையும் தரமும் கிராம் கணக்கில் அளக்கப்படுகின்றன. ஆமோஸின் மரக்காலும் எடைக்கல்லும் இங்கு எழுப்பும் கேள்வி எளிது. பறித்தவரின் உழைப்பும் பயணப் பாதுகாப்பும் அதே நுணுக்கத்தோடு அளக்கப்படுகின்றனவா?

ஆமோஸை ஏழைத் தொழிலாளியாகவே கற்பனை செய்வதும் சரியன்று. அவரைக் குறிக்கும் ‘நோகேத்’ என்னும் சொல் மோவாபு மன்னன் மேசாவுக்கும் வழங்குவதால் (2 அரசர் 3:4), அவர் மந்தை உடைமையாளராகவும் இருந்திருக்கலாம். அவ்வாறாயின் நூலின் பொருள் குறைவதில்லை. சிறிதேனும் உடைமை உள்ளவர் உடைமையற்றவர்க்காகப் பேசினார் என்பது, நிலமும் நிறுவனமும் கொண்ட இன்றைய திருச்சபைக்குக் கூடுதல் கடமையையே சுட்டும்.

5. முற்றிய கனி

ஆமோஸ் கண்ட காட்சிகளுள் ஒன்று கோடைக்கனிக் கூடை (8:1-2). எபிரேயத்தில் கோடைக்கனி ‘காயிட்ஸ்’, முடிவு ‘கேட்ஸ்’. ஒலி நெருக்கத்தால் கனியின் பெயரே அழிவின் அறிவிப்பாகிறது. மொழிபெயர்ப்புகளில் இச்சொல்விளையாட்டு இழக்கப்படுவது இயல்பு. எனினும் தமிழில் இதற்கு ஒரு வாயில் உண்டு. ‘முற்றுதல்’ என்பது விளைச்சல் நிறைவெய்துவதையும் ஒன்று முடிவடைவதையும் குறிக்கும். ‘முற்றிய கனி’ என்று காட்சியையும் ‘முற்றிற்று’ என்று தீர்ப்பையும் அமைத்தால் மூலத்தின் அதிர்ச்சி தமிழிலும் கிட்டும்.

இது சொல்லாராய்ச்சி மட்டுமன்று. விளைச்சல் மிகுந்திருப்பதைக் கடவுளின் ஒப்புதலாகக் கொண்ட சமூகத்திடம், அவ்விளைச்சலே முடிவின் அடையாளம் என்கிறார் ஆமோஸ். செல்வத்தையும் உடல்நலத்தையும் இறையாசியின் அளவுகோலாக முன்வைக்கும் வளமை நற்செய்திப் போக்கு இன்று தமிழ்ச் சபைகளிலும் காணப்படுகிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர்த் திராட்சை விளையும் பள்ளத்தாக்கில், கூடை நிறைந்திருப்பதற்காக நன்றிப் பலியிடுவது பொருத்தமே. கூடையைச் சுமந்தவர் யார், அவருக்குரியது கொடுக்கப்பட்டதா என்று கேட்காத நன்றியைத்தான் ஆமோஸ் மறுக்கிறார். ஏழையை மிதித்து நட்ட திராட்சைத் தோட்டத்தின் மதுவை நட்டவர் அருந்தமாட்டார் என்பது அவர் தரும் எச்சரிக்கை (5:11). நூலின் இறுதியில் வரும் நம்பிக்கைப் பகுதியிலோ நட்டவர்களே அதன் பயனை உண்பர் என்ற வாக்குறுதி உள்ளது (9:14).

6. வற்றாத ஆறு

திருவிழாக்களையும் பலிகளையும் இசையையும் கடவுள் வெறுப்பதாகக் கூறிய பின், நீதி நீரைப்போலவும் வற்றாத ஆற்றைப்போலவும் பாய வேண்டும் என்கிறார் ஆமோஸ் (5:21-24). 1963இல் வாசிங்டன் நகரில் மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய உரையில் இவ்வுவமை இடம்பெற்று உலகப் புகழ் அடைந்தது. மூலத்தில் ‘மிஷ்பாத்’, ‘செதாக்கா’ என இரு சொற்கள் உள்ளன. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இவற்றை நியாயம், நீதி என்றது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு நீதி, நேர்மை என்றது. முதற்சொல் வழக்கைத் தீர்க்கும் செயலையும் இரண்டாவது உறவுகளில் கடைப்பிடிக்கும் நேர்மையையும் சுட்டுவன. நீதி என்னும் தமிழ்ச்சொல் இரண்டாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு நகர்ந்திருப்பது, இவ்விரண்டையும் ஒரே ஆறாகக் காண வேண்டும் என்பதைத் தற்செயலாக உணர்த்துகிறது.

உவமையின் உயிர் ‘ஏத்தான்’ என்னும் அடைமொழியில் உள்ளது. பாலைநில விளிம்பில் வாழ்ந்தவர் மழைக்காலத்தில் சீறிப் பாய்ந்து சில நாளில் மணலாகிவிடும் ஓடைகளை அறிவர். அவ்வோடைகளிலும் வெள்ளம் வரும். பெரும் ஆரவாரத்தோடு வரும். ஆனால் அவற்றை நம்பி விதைக்க முடியாது. ‘ஏத்தான்’ ஆண்டு முழுதும் ஓடுவது. ஆகவே இவ்வுவமை வேண்டுவது நீரின் வேகத்தை விட அதன் தொடர்ச்சியையே ஆகும்.

கம்பம் பள்ளத்தாக்கின் உழவர்க்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் இந்நிலத்துக்கு, மேற்கே ஓடிய பெரியாற்றின் நீரை அணையாலும் மலையைக் குடைந்த சுரங்கத்தாலும் கிழக்கே திருப்பிய திட்டம் 1895இல் நிறைவேறியது. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நிலம் இருபோக சாகுபடிக்கு இந்நீரை நம்பியுள்ளது. திட்டத்தை நிறைவேற்றிய பொறியாளர் ஜான் பென்னிகுவிக்கின் பிறந்தநாளாகிய ஜனவரி 15இல் இம்மக்கள் பொங்கலிட்டு நன்றி செலுத்துகின்றனர். நீர் என்பது மழையாக வந்து போகும் நிலைக்கும், தலைமதகு திறந்தால் வரும் என நம்பி நாற்றங்கால் அமைக்கும் நிலைக்கும் இடையிலான தொலைவை இவர்கள் தலைமுறைகளாக அறிவர். அணை கட்டுகையில் காய்ச்சலாலும் விபத்தாலும் உயிரிழந்த தொழிலாளர் பலரின் பெயர்கள் பொதுநினைவில் இல்லை என்பதும் இவ்வரலாற்றின் பகுதியே.

இப்பின்னணியில் திருச்சபையின் செயல்களை நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். கிறிஸ்துமஸ் காலத்து ஆடை வழங்கல், பேரிடர்க் காலத்து உணவு வழங்கல் போன்ற ஈகைச் செயல்கள் தேவையானவை, மதிக்கத் தக்கவை. ஆனால் அவை மழைக்கால ஓடையின் இயல்புடையவை. கொடுப்பவரின் மனம் கசியும்போது வரும். பெறுபவர் அவற்றை நம்பி வாழ்வைத் திட்டமிட இயலாது. உரிய ஊதியம், பாதுகாப்பான பயணம், பொதுவான கல்லறை, பதவியில் பங்கு ஆகியவை வற்றாத ஆற்றின் இயல்புடையவை. இவை கேட்டுப் பெறும் உதவிகள் அல்ல. முறையாக வந்து சேர வேண்டிய உரிமைகள்.

நீர்ப்பாசனம் மேலும் ஒன்றைக் கற்பிக்கிறது. தலைமதகில் நீர் நிறைந்திருப்பதைக் கொண்டு பாசனத்தை மதிப்பிடுவதில்லை. கடைமடைக்கு நீர் சேர்ந்ததா என்பதே அளவு. திருச்சபையின் கொள்கை அறிக்கைகள் தலைமதகு. ஊர்ப்புறச் சபையின் கடைசி வரிசையில் அமரும் கூலிப்பெண் கடைமடை. இடையில் மடையை அடைப்பவை சாதியும் வர்க்கமும் பாலினமும் ஆகும்.

7. கண்ணகியும் ஆமோஸும்: வாயிலில் எழுந்த வழக்கு

கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு மலைமுகட்டில், தமிழக–கேரள எல்லையில், மங்கலதேவி எனப்படும் கண்ணகி கோயில் உள்ளது. சித்திரை முழுநிலவன்று மக்கள் அங்குத் திரள்வர். மதுரையை நீங்கி வையைக் கரைவழி மேற்கே நடந்த கண்ணகி அடைந்த குன்று இதுவே எனக் கருதுவோர் உளர். இப்பள்ளத்தாக்கின் பண்பாட்டு நினைவில் நீதி கேட்ட பெண் ஒருத்தி நிலைபெற்றிருக்கிறாள் என்பது நம் வாசிப்புக்கு முதன்மையானது.

ஆமோஸும் கண்ணகியும் அதிகாரத்தின் இருப்பிடத்துக்கே சென்று வழக்குரைத்தவர்கள். இரு நூல்களிலும் வாயில் நீதியின் இடம். கண்ணகி அரண்மனை வாயிலோனிடம் தொடங்குகிறாள். ஊர்வாயிலில் நீதியை நிலைநாட்டுமாறு ஆமோஸ் கேட்கிறார் (5:15). ஆனால் விளைவு வேறு. பாண்டியன் சிலம்பைக் கண்டதும் தன் தவற்றை உணர்ந்து உயிர் துறக்கிறான். அமட்சியாவோ பெத்தேல் அரசரின் வழிபாட்டிடம் என்று கூறி ஆமோஸை வெளியேறச் சொல்கிறான் (7:12-13). சமயத் தலைமை அரசதிகாரத்தோடு ஒன்றும்போது சான்றை ஆராயும் திறனையே இழக்கிறது என்பதற்கு அவன் எடுத்துக்காட்டு.

இவ்வொப்பீடு ஆமோஸ் நூலின் எல்லை ஒன்றையும் வெளிப்படுத்துகிறது. கண்ணகி தன் வழக்கைத் தானே உரைக்கிறாள். சான்றும் அவள் கையில் உள்ளது. ஆமோஸ் நூலில் ஏழைகள் பேசப்படுகின்றனர், அவர்கள் பேசுவதில்லை. சமாரியாவின் செல்வப் பெண்களைப் பாசானின் பசுக்கள் எனச் சாடும் பகுதி (4:1) பெண்களை நோக்கியிருந்தும், ஒடுக்கப்பட்ட பெண்ணின் குரலுக்கு நூலில் இடமில்லை. நாடுகடத்தல் என்னும் தண்டனை வரும்போது ஏழையும் உடன் துன்புறுவார் என்பதையும் நூல் தீர்க்கவில்லை. எனவே ஆமோஸைப் பின்பற்றுவது என்பது ஒடுக்கப்பட்டோர்க்காகப் பேசுவதோடு நின்றுவிட முடியாது. அவர்கள் தாமே பேசும் வாயிலைத் திறப்பதும் அதன் பகுதியாதல் வேண்டும். தமிழ் மரபு ஆமோஸ் வாசிப்புக்கு அளிக்கக்கூடிய பங்களிப்பு இதுவே.

8. இன்றைய கிறித்தவர்க்குரிய படிப்பினைகள்

மேற்கூறியவற்றிலிருந்து நான்கு படிப்பினைகளைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, தற்சோதனை. பிறரது அநீதியைக் கண்டிக்கும் சபை அதே அளவுகோலைத் தன் கல்லறைக்கும் ஊதியப் பட்டியலுக்கும் பொருத்த வேண்டும். திருச்சபை நடத்தும் பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றின் கடைநிலைப் பணியாளர் ஊதியமும் இதில் அடங்கும்.

இரண்டாவது, வழிபாட்டையும் வாரநாளையும் இணைத்தல். ஓய்வுநாள் முடியக் காத்திருந்து பொய்யளவையை எடுத்தவர்களை ஆமோஸ் கண்டித்தார். தோட்ட உரிமையாளர், வணிகர், வேலைக்கு ஆள் சேர்ப்பவர், தொழிலாளர் அனைவரும் ஒரே திருப்பந்தியில் அமரும் ஊர்களில், திங்கட்கிழமைக் கூலி ஞாயிற்றுக்கிழமை மன்றாட்டின் பொருளாக வேண்டும்.

மூன்றாவது, ஈகையிலிருந்து நீதிக்கு நகர்தல். உதவி வழங்குவதை நிறுத்த வேண்டும் என்பது இதன் பொருளன்று. உதவி தேவைப்படும் நிலை ஏன் ஆண்டுதோறும் திரும்புகிறது என்று கேட்பதே இதன் பொருள்.

நான்காவது, குரல். பங்குப் பேரவையிலும் சேகரக் குழுவிலும் தோட்டத் தொழிலாளப் பெண்கள் உறுப்பினராதலும், அவர்தம் சொல் பதிவு செய்யப்பட்டு விடை பெறுதலும் வேண்டும்.

9. முடிவுரை

ஆமோஸ் நூலைக் கம்பம் பள்ளத்தாக்கில் வாசிக்கும்போது அதன் உவமைகள் நிலம் பெறுகின்றன. கீறிப் பழுக்கும் அத்தி உழைப்பின் திறனையும், முற்றிய கனி வளத்தின் ஐயப்பாட்டையும், வற்றாத ஆறு நீதியின் தொடர்ச்சியையும் உணர்த்துகின்றன. மலைமுகட்டுக் கண்ணகி இவ்வாசிப்பில் ஆமோஸ் விட்ட இடத்தை நிரப்புகிறாள். பெரியாற்று நீர் தானாகக் கிழக்கே திரும்பவில்லை. மலை குடையப்பட்டது, உயிர்கள் இழக்கப்பட்டன, இன்றும் மதகும் கால்வாயும் ஆண்டுதோறும் பேணப்படுகின்றன. நீதியும் அவ்வாறே. வேண்டுதலால் மட்டும் அது பாய்வதில்லை. அடைபட்ட மடை எது எனக் கண்டு திறக்கும் உழைப்பையே ஆமோஸின் இறைவாக்கு இன்றைய கிறித்தவரிடம் எதிர்பார்க்கிறது. அவ்வுழைப்பு நிறைவேறியதா என்பதைக் கடைமடையில் நிற்பவர்தான் கூற முடியும்.